எஸ்பிஎஃப் 50 போட்டும் என் மங்கு ஏன் பரவியது

லால்குடி தாண்டி ஒரு கிராமத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மகளிர் குழுவின் தவணைப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். வியர்க்கிறதே என்று முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கியதும், எதிரே இருந்த பெரியம்மா ஒருவர், “ஏம்மா, கன்னத்துல மங்கு விழுந்திருக்கே, பாக்கலையா?” என்று கேட்டார். 2022 மாசி மாதம் அது. இரண்டாவது குழந்தை பிறந்து ஒன்பதாவது மாதம் வேலைக்குத் திரும்பியிருந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியை ஜன்னல் ஓரமாக எடுத்துப்போய்ப் பார்த்தேன். இரண்டு கன்ன எலும்பின் மேலும் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு. இடது பக்கம் கொஞ்சம் பெரிது. அன்றிலிருந்து ஒரு தோல் மருத்துவர் முன்னால் போய் உட்கார எனக்குப் பதினெட்டு மாதம் ஆனது. இடையில் நான் செய்தவற்றில் முக்கால்வாசி அந்தக் கறையை வளர்த்துவிட்ட காரியங்கள். அரை மணி நேரம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும், இவ்வளவு தூரம் போயிருக்காது. அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை நுண்கடன் நிறுவனத்தில் களப்பணி. திருச்சியிலிருந்து காலை ஏழே காலுக்கு ஸ்கூட்டியை எடுத்தால் மண்ணச்சநல்லூர், லால்குடி, சில நாள் முசிறி வரை போவேன். பதினொன்றரை வரை ஊர் ஊராகக் கூட்டம், அப்புறம் கிளை அலுவலகத்தில் கணக்கு. வீட்டுக்காரர் குவைத்தில். மங்கைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை. வீடியோ அழைப்பில் விளக்குக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகினேன். பெரியவன், “அம்மா, கன்னத்துல அழுக்கு” என்று துடைக்க வந்த நாளில் குளியலறைக்குள் போய் அழுதேன். வலி இல்லாத, உயிருக்கு ஆபத்து இல்லாத ஒரு கறைக்கு இத்தனை துக்கமா என்று நினைப்பவர்கள் இருக்கலாம். தினமும் ஐம்பது பேருக்கு முன்னால் முகத்தோடு போய் நிற்கிற வேலையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

முதல் தவறு எலுமிச்சம்பழம். அத்தை அன்பாகத்தான் சொன்னார், அவர் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து பூசி, பத்து நிமிடத்தில் லேசாகக் கழுவிவிட்டு அக்னி நட்சத்திர வெயிலில் வண்டியில் கிளம்பினேன். மறுநாள் இடது கன்னத்தில் எரிச்சல், அதற்கடுத்த நாள் கொப்புளம். கொப்புளம் ஆறியதும் அந்த இடம் முழுக்க அடர்ந்த பழுப்பாக நின்றுவிட்டது. எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கும் சில பொருள்கள் தோலில் தங்கியிருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் ரசாயனத் தீக்காயம் மாதிரி ஆகும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சாறு பிழிந்த கையோடு வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கையிலும் இப்படி வருமாம். எலுமிச்சை சமையலுக்கு இருக்கட்டும், முகத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது தவறுதான் பெரியது. பக்கத்து மருந்துக் கடையில் முகத்தைக் காட்டிக் கேட்டேன். சின்ன டியூப் ஒன்றைக் கொடுத்து, “ராத்திரி போடுங்கக்கா, பதினஞ்சு நாள்ல தெரியும்” என்றார்கள். 130 ரூபாய். சொன்ன மாதிரியே பதினைந்து நாளில் கறை பாதியாக வெளுத்தது, முகமே பளிச்சென்று ஆனது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் மாதம் ஒரு டியூப் என்று வாங்கிக்கொண்டே இருந்தேன். நாலைந்து மாதத்தில் கன்னம் சிவக்க ஆரம்பித்தது. அடுப்படியில் நின்றால் திகுதிகுவென்று எரியும். மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன, தாடையில் பொடிப்பொடியாகப் பரு, கன்னத்தில் பூனைமுடி. நிறுத்தினால் மூன்றாம் நாள் முகம் வீங்கிச் சிவக்கும், மங்கு முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வரும். பயந்து மறுபடி போடுவேன், அடங்கும். இப்படியே பதினான்கு டியூப்.

அந்த அட்டைப்பெட்டியில் மூன்று பெயர்கள் இருந்தன: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. தோல் மருத்துவர்கள் இந்தக் கலவையைக் கணக்காகச் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பதுண்டு, அப்புறம் நிறுத்திவிடுவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அந்தப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. நான் படிக்கவில்லை, கடையிலும் யாரும் கேட்கவில்லை. முகத்துக்குப் போடும் எந்த டியூப்பாக இருந்தாலும் பெயர்களைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ‘ஓன்’, ‘ஆல்’ என்று முடியும் பெயரெல்லாம் ஸ்டீராய்டு என்று அர்த்தமில்லை, ஹைட்ரோகுயினோனே ஸ்டீராய்டு இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் கேட்காமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், அதற்கும் மருத்துவர் வேண்டும்.

இத்தனைக்கும் நான் சன்ஸ்கிரீன் போடாமல் இல்லை. இதுதான் என்னை அதிகம் குழப்பியது. கிரீமோடு சேர்த்து 2022 ஜூனிலேயே ஆன்லைனில் எஸ்பிஎஃப் 50 என்று ஒன்று வாங்கிவிட்டேன். எண் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிது என்று நம்பினேன். காலையில் பட்டாணி அளவு எடுத்து நான்கு புள்ளி வைத்துத் தேய்ப்பேன், முடிந்தது. ஞாபகம் வந்தால் மதியம் போடலாம் என்று டியூப் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலேயே கிடக்கும். ஒன்று சரியில்லை என்று அடுத்தது, அதுவும் சரியில்லை என்று இன்னொன்று. 449, 599, 799, 375 என்று நான்கு வாங்கினேன். எது போட்டும் மங்கு நிற்கவில்லை. “சன்ஸ்கிரீன் எல்லாம் ஏமாத்து வேலை” என்று அலுவலகத்தில் நானே சொல்லியிருக்கிறேன்.

அதற்கு மேல் அழகு நிலையத்தில் மூன்று முறை, அமிலம் பூசித் தோலை உரிக்கும் ‘பீல்’ செய்துகொண்டேன், ஒரு தடவைக்கு 2,200. ஸ்டீராய்டு போட்டு மெலிந்த தோலில் அமிலம் வைத்தால் என்ன ஆகும்? மூன்றாம் முறை தோல் உரிந்து, நெற்றியிலும் புதிதாகக் கறை வந்தது. நிறம் வெளுக்கும் என்று விற்கிற குளுட்டாதயோன் மாத்திரை இரண்டு மாதம், 3,300 ரூபாய். கூட்டிப் பார்த்தால் 14,000 ரூபாய்க்கு ஐம்பத்தெட்டு ரூபாய்தான் குறைவு. என் சம்பளம் அப்போது 16,500. சின்னவனுக்குக் காதணி விழாவுக்கென்று சேர்த்த சீட்டுப் பணத்திலிருந்து எடுத்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

2023 ஆகஸ்டில், முகம் எரிந்து இரவு தூக்கம் கெட்ட பிறகுதான், கூட வேலை பார்க்கும் அக்கா வலுக்கட்டாயமாகத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். “முகத்துல இதுவரைக்கும் வச்சது எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லியிருந்தார்கள். மஞ்சப்பையில் கொண்டுபோய்க் கொட்டினேன். மருத்துவர் முதலில் அந்தச் சின்ன டியூப்பைத்தான் கையில் எடுத்தார். ஒன்றும் திட்டவில்லை. “எத்தனை மாசம்?” என்றார். பதினான்கு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் இரண்டு நாள் என்று படிப்படியாக அதிலிருந்து என்னை இறக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரம்தான் இந்தக் கதையிலேயே மோசமான காலம். எரிச்சல், அரிப்பு, பரு எல்லாம் ஒன்றாக வந்தன. மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இந்த மூன்றைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரசவத்துக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை மங்கைத் தூண்டலாம் என்பதால் மகளிர் மருத்துவரிடம் பேசி வேறு வழிக்கு மாறச் சொன்னார். மங்கு வந்து பதினெட்டு மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

பிறகு சன்ஸ்கிரீன் டியூப்களைக் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு டியூப் உங்களுக்கு எத்தனை நாள் வருது?” நான் பெருமையாகத்தான் சொன்னேன், நாலு மாதத்துக்கு மேல் வரும் என்று. “இருபத்தஞ்சு நாள்ல தீரணும்மா” என்றார். எனக்குத் தலையில் தட்டினாற்போல இருந்தது. டியூப்பில் போட்டிருக்கும் எண், ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்த எண். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு, சுமார் ஒரு கிராம். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்றால் நாளுக்கு 2 கிராம், 50 கிராம் டியூப் 25 நாள். நான் நாளுக்கு அரை கிராம்கூடப் போடவில்லை. அளவு பாதியானால் பாதுகாப்பும் பாதியோ அதற்கும் கீழோ போய்விடும். டியூப்பில் 50 என்று இருந்தாலும் என் கன்னத்தில் இருந்தது பத்தோ பதினைந்தோதான். அதுவும் காலை ஏழுக்குப் போட்டது, வியர்வையில் வழிந்து, துப்பட்டாவில் துடைபட்டு, பத்து மணிக்கு என்ன மிஞ்சியிருக்கும்? வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும் என்பதை நான் விளம்பர வாசகம் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டு விரல் அளவை முதல்நாள் போட்டுப் பார்த்தபோது முகமெல்லாம் பிசுபிசுவென்று, இதை எப்படித் தாங்குவது என்று இருந்தது. ஒரு விரல் அளவு போட்டு, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அடுத்த விரல் அளவு போட்டால் படிந்துவிடுகிறது. காது, கழுத்தின் பக்கவாட்டு, மேலுதடு, இந்த மூன்றும் எப்போதும் விட்டுப்போகும். மேலுதட்டில் மங்கு மீசை மாதிரி வருவது எத்தனை பெண்களுக்கு என்று பாருங்கள்.

சரி, அந்த 50 என்பதுதான் என்ன? எஸ்பிஎஃப் என்பது தோல் சிவந்து வேகாமல் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. ஒன்றும் பூசாத தோல் சிவக்க ஆகும் வெயிலைப் போல 30 மடங்கு பட்டால்தான் பூசிய தோல் சிவக்கும் என்றால் அது எஸ்பிஎஃப் 30. சிவக்க வைப்பது பெரும்பாலும் யூவிபி என்ற கதிர். எஸ்பிஎஃப் 15 அதில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 சுமார் 97, 50 சுமார் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அவ்வளவுதான். ஐம்பதைச் சிக்கனமாகத் தடவுவதைவிட முப்பதை முழு அளவு தடவுவது மேல். பவுடரில் 15, கிரீமில் 30, ஆக 45 என்று கூட்டவும் முடியாது. பத்து நிமிடத்தில் சிவப்பவர் 50 போட்டால் ஐந்நூறு நிமிடம் நிற்கலாம் என்ற கணக்கும் தப்பு. காலை எட்டு மணி வெயிலும் மதியம் பன்னிரண்டு மணி வெயிலும் ஒன்றா?

ஆனால் என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது வேறு. எஸ்பிஎஃப் அளப்பது சிவப்பை. என் தோல் எப்போது சிவந்தது? நாற்பது கிராமத்தில் வெயிலில் சுற்றியும் நான் ஒருநாளும் வெள்ளைக்காரர்களைப் போல வெந்து உரிந்ததில்லை. எனக்குச் சிவப்பு வராது, கறுப்புத்தான் வரும். நான் நம்பிய எண் எனக்கு வராத ஒரு தொந்தரவுக்கான எண். கறுக்க வைப்பதில் பெரிய பங்கு யூவிஏ என்ற இன்னொரு கதிருக்கு. அது தோலில் இன்னும் ஆழமாக இறங்கும், காலை மாலை என்று நாள் முழுக்க இருக்கும், சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். மருத்துவர் என் இடது கன்னத்தைக் காட்டி, “ஆபீஸ்ல ஜன்னல் எந்தப் பக்கம்?” என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லவே ஒரு நிமிடம் ஆனது. என் மேசைக்கு இடப்பக்கம் மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். மதியம் முழுவதும் நிழலில்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாக அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மறுநாளே மேசையைத் திருப்பிப் போட்டேன்.

அந்த யூவிஏவுக்கான அடையாளம்தான் டியூப்பில் பிஏ என்று போட்டு, பக்கத்தில் கூட்டல் குறிகளாக வருவது. ஜப்பானில் 1996-இல் வந்த முறை. முதலில் மூன்று கூட்டல்தான், 2013-இல் நான்காவது சேர்ந்தது. எஸ்பிஎஃப் சிவப்பை அளக்கிறது என்றால் இது தோல் கறுப்பதை வைத்து அளப்பது, எனக்கு வேண்டியதே அதுதான். இரண்டு கூட்டல் என்றால் 4 முதல் 8 மடங்கு, மூன்று என்றால் 8 முதல் 16, நான்கு என்றால் 16-க்கு மேல். நான் வாங்கிய நான்கில் இரண்டில் பிஏ என்ற எழுத்தே இல்லை, ஒன்றில் இரண்டு கூட்டல். எல்லா நாட்டு டியூப்பிலும் பிஏ இருக்காது. ஐரோப்பாவிலிருந்து வருபவற்றில் ஒரு வட்டத்துக்குள் யூவிஏ என்று இருக்கும், எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யூவிஏ பாதுகாப்பு உண்டு என்று அதற்குப் பொருள். அமெரிக்காவில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று மட்டும் எழுதுவார்கள். அதுவும் யூவிஏவைத் தடுப்பதைக் குறிப்பதுதான், எவ்வளவு என்று மட்டும் சொல்லாது. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரர் வாங்கி அனுப்புகிறாரா, இந்த அடையாளங்களைச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் நான்கு கூட்டல் சன்ஸ்கிரீனை ஒழுங்காகப் போட்டும் மங்கு இருந்த இடத்தில் நின்றதே தவிர மங்கவில்லை. அப்போதுதான் மருத்துவர் இன்னொன்றைச் சொன்னார். மாநிறத்துக்கும் அதற்கு மேல் கறுத்த தோலுக்கும், கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே, முக்கியமாக வெயிலில் இருக்கும் நீல வெளிச்சம், கறையை அடர்த்தியாக்கும். வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்கும் சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தை ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் ‘டின்டட்’ வகை வேண்டும். டியூப்பின் பின்னால் அயர்ன் ஆக்சைடு என்று இருக்கும், அல்லது சிஐ 77491, 77492, 77499 என்ற எண்களாக இருக்கும். இந்த எண்களைப் போனில் குறித்து வைத்துக்கொண்டுதான் நான் கடைக்குப் போவேன். ‘டின்ட்’ என்று பெரிதாக எழுதியிருந்தாலும் எண்களைப் பாருங்கள். நிறம் பொருந்துவதுதான் சிரமம். பல நிறுவனங்கள் ஒரே ஒரு நிறம்தான் வைத்திருக்கின்றன, அது என்னைவிட மூன்று படி வெளுப்பு. கடைசியில் தாடையோரம் பூசிப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் கடை வாசலுக்கு வந்து கண்ணாடியில் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தேன்.

ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் உள்ள தாது வகை நல்லதா, ரசாயன வகை நல்லதா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். ஸ்டீராய்டில் வெந்திருந்த அந்த மாதங்களில் ஜிங்க் ஆக்சைடு மட்டும்தான் எரியாமல் இருந்தது, ஆனால் முகம் திருநீறு பூசினாற்போலச் சாம்பலாகத் தெரியும். தோல் தேறியபின் ரசாயன வகைக்கு மாறினேன், வெள்ளை பூக்காது, இரண்டு விரல் அளவும் மனசார வைக்க முடிகிறது. உங்களால் தினமும் முழு அளவு போட முடிகிற வகைதான் உங்களுக்கு நல்லது. புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று நாள் பூசிப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் 799 ரூபாய் டியூப்பை ஒருநாள் போட்டுவிட்டு முகம் தடித்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

அந்த 799-க்கு 50 கிராம், கிராம் 16 ரூபாய். 375 ரூபாய் டியூப்பில் 80 கிராம், கிராம் ஐந்து ரூபாய்க்கும் குறைவு. நாளுக்கு 2 கிராம் என்றால் மாதம் ஒன்றுக்கு முதலாவது 960 ரூபாய், இரண்டாவது முந்நூறைத் தாண்டாது. விலை கூடியதை வாங்கினால் மனசு வராமல் கொஞ்சமாகத்தான் தடவுவோம். அதனால் கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, உங்கள் வருமானத்துக்குத் தாங்குகிற ஒன்றை, நான்கு கூட்டலும் இரும்பு ஆக்சைடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றிலேயே இரண்டும் கிடைக்கவில்லை என்றால், மலிவான நான்கு கூட்டலை முழு அளவு போட்டு, மேலே இரும்பு ஆக்சைடு உள்ள காம்பேக்ட் பவுடரை அழுத்தி வைக்கலாம், நான் மதியம் அப்படித்தான் செய்கிறேன். காலாவதித் தேதியைப் பாருங்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்பது சின்ன டப்பி படத்துக்குள் 6 எம், 12 எம் என்று போட்டிருக்கும். வண்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் மருந்தும் தண்ணீரும் பிரிந்துவிடும். என்னுடைய இரண்டாவது டியூப்பைப் பிதுக்கியபோது முதலில் எண்ணெய்தான் வந்தது, அப்போதும் குலுக்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கிரீமை மட்டும் நம்பி நம் ஊர் வெயிலில் நிற்க முடியாது. சித்திரை மாதத் தொடக்கத்தில் திருச்சியில் உச்சிவேளைக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், ஆவணியில் இன்னொரு முறை. நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். போனில் வானிலை பார்க்கும் இடத்திலேயே யூவி இன்டெக்ஸ் என்று ஒரு எண் வரும். 3-க்கு மேல் போனால் பாதுகாப்பு வேண்டும், 8-க்கு மேல் மிக அதிகம், 11-க்கு மேல் கடுமை. இங்கே கோடையில் மதியம் 11-ஐத் தாண்டுவது சாதாரணம், மார்கழியில்கூட மதியத்தில் குறைவாக இருக்காது. மேகம் போட்டிருந்தாலும் கணிசமான கதிர் கீழே வந்துவிடும், ஐப்பசி மழைக்காலத்தில் சன்ஸ்கிரீனை நிறுத்தி நான் கெட்டேன். போனைப் பார்க்க முடியாத இடத்தில் ஒரு சுலபமான அளவு உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் நிழலுக்குப் போங்கள். மேலாளரிடம் பேசி என் கூட்டங்களை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் முடிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். கேட்கத் தயங்கினேன், கேட்டதும் கொடுத்தார்கள். ஒற்றை மடிப்பு மெல்லிய வெள்ளைத் துப்பட்டா பெரிதாக எதையும் தடுப்பதில்லை, நெருக்கமாக நெய்த அடர்நிறப் பருத்தியை இரண்டாக மடித்துக் கட்டுகிறேன். மரத்தடிக் கூட்டத்தில் அகல விளிம்புத் தொப்பி. முதலில் குழுப் பெண்கள் சிரித்தார்கள், இப்போது களை எடுக்கப் போகும்போது இரண்டு பேர் அதே தொப்பியைப் போடுகிறார்கள்.

தோல் தேறிய பிறகு, ஐந்தாவது மாதத்தில்தான் மருத்துவர் மங்குக்கே மருந்து தொடங்கினார், அசெலாயிக் அமிலம் உள்ள கிரீம். டிரானெக்ஸாமிக் அமிலம் என்று ஒரு மாத்திரையும் இருக்கிறது. ரத்தம் உறையும் தொந்தரவு தனக்கோ குடும்பத்திலோ இருப்பவர்களுக்கு அது ஆபத்து. எங்கள் அம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டி வந்திருந்ததால் எனக்குக் கொடுக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று அதைக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இந்த இரண்டு வருடத்தில் மருத்துவருக்கும் மருந்துக்கும் ஆன செலவு, முதல் பதினெட்டு மாதத்தில் நான் வீணாக்கியதைவிடக் குறைவு.

நெற்றிக் கறை போய்விட்டது. வலது கன்னத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இடது கன்னம் ஒவ்வொரு பங்குனியிலும் லேசாகக் கறுத்து, ஆடி கழிந்ததும் இறங்குகிறது. முழுசாகப் போகும் என்று மருத்துவர் ஒருபோதும் சொல்லவில்லை, நானும் இப்போது எதிர்பார்ப்பதில்லை. குவைத்துக்குப் பேசும்போது ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பேசுகிறேன். போன வருடம் விடுமுறைக்கு வந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காதணி விழாப் பணத்தையும் சொன்னேன். “அப்பவே சொல்லியிருக்கலாம்ல” என்று மட்டும் கேட்டார்.

போன வாரம் மண்ணச்சநல்லூர்க் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, சின்ன வயசுப் பெண் ஒருத்தி வண்டியருகே வந்து நின்றாள். முகம் பளிச்சென்று இருந்தது, கன்னம் மட்டும் சிவந்திருந்தது. “அக்கா, உங்களுக்கு எந்த கிரீம்ல போச்சு? நான் இது போடுறேன்” என்று இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து ஒரு சின்ன டியூப்பைக் காட்டினாள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மூன்று பெயர்கள். எத்தனை மாதமாக என்று கேட்டேன். மூன்று என்றாள். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை அவளாக எதையும் நிறுத்த வேண்டாம், புதிதாக எதையும் போட வேண்டாம் என்று சொல்லி, அவள் டியூப்பை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.